நெட்டில் ஏற்றினால் அழியாதா? பழைய சிறுவர் நிகழ்ச்சிகளும் டிஜிட்டல் காப்பகமும்

போன தை மாதம், பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மஞ்சள் பையோடு தர்மபுரியில் என் வீட்டுக்கு வந்தார். பைக்குள் செய்தித்தாள் சுற்றி நூல் கட்டிய ஒரு வீடியோ கேசட். ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு முன் அவருடைய பள்ளிப் பிள்ளைகள் 11 பேர் ஒரு தொலைக்காட்சியின் சிறுவர் நிகழ்ச்சியில் கும்மியடித்தார்கள். ஒளிபரப்பான நாளில் ஊர்க் கேபிள்காரர் அதை டெக்கில், அதாவது கேசட்டைப் பதிவுசெய்யவும் ஓட்டவும் உதவும் கருவியில், பதிவுசெய்து கொடுத்திருக்கிறார். பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையை ஓய்வு நேரத்தில் நான் செய்வது யார் மூலமோ அவர் காதுக்குப் போயிருக்கிறது.

"ஏம்பா, இதை நெட்டுல ஏத்திட்டா அப்புறம் அழியாதில்ல?" என்று கேட்டார்.

"ஏத்தலாம் டீச்சர். ஆனா அது மட்டும் போதாது" என்றேன். ஏன் போதாது என்பதை வாசலில் நின்றபடி சொல்லி முடிக்க முடியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"நெட்ல இருக்கு", "டிஜிட்டல் ஆக்கியாச்சு", "ஆர்க்கைவ் பண்ணியாச்சு" என்ற மூன்றையும் நாம் ஒரே பொருளில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மூன்றும் வேறு வேறு வேலைகள். இந்தக் குழப்பத்தாலேயே காப்பாற்றியிருக்கக்கூடிய பல பதிவுகள் கையை விட்டுப் போகின்றன.

சிறுவர் நிகழ்ச்சிக்கு ஏன் தனிக் கவலை?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1982இல் வண்ண ஒளிபரப்பு இந்தியாவுக்கு வந்தது. 1993இல் சன் டிவி, 2007இல் பிள்ளைகளுக்கென்றே சுட்டி டிவி. தூர்தர்ஷனில் 'கண்மணிப் பூங்கா' பார்க்கப் பக்கத்து வீட்டு முற்றத்தில் இடம்பிடித்தவர்களுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளி விட்டு வந்து பையை மூலையில் எறிந்துவிட்டு டோராவும் புஜ்ஜியும் பார்த்தவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள்.

சினிமாவுக்குப் படச்சுருள் உண்டு, மறுவெளியீடு உண்டு, அதைக் கொண்டாட ரசிகர்கள் உண்டு. சிறுவர் நிகழ்ச்சி அப்படியில்லை. இன்று மாலை ஒன்று, நாளை மாலை இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும். பார்த்தவர்களுக்கோ கேசட் வாங்கிப் பதிவுசெய்யும் வயதும் இல்லை, கையில் காசும் இல்லை. டெக் இருந்த வீட்டிலும் அது பெரியவர்கள் கையில்தான் இருந்தது. ஆகவே லட்சக்கணக்கானவர்களுக்கு நினைவில் இருக்கும் ஒன்று, பதிவாக ஓரிரு இடங்களில் மட்டும் இருக்கிறது; சில சமயம் எங்குமே இல்லை.

கேசட் ஏன் சாகிறது?

கேசட்டைத் திறந்தால் பழுப்பு நிற நாடா தெரியும். அது ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதன்மேல் இரும்பு ஆக்சைடு என்னும் நுண்ணிய தூளைப் பசையில் கலந்து பூசியிருப்பார்கள். இரும்பு ஆக்சைடு என்றால் புதிதாக ஏதோ என்று நினைக்க வேண்டாம், வீட்டுக் கதவுக் கீலில் பிடிக்கும் துருவின் உறவுக்காரன்தான். இந்தத் தூள் துகள்கள் காந்தமாக மாறக்கூடியவை. எந்தத் துகள் எந்தப் பக்கம் காந்தமாகியிருக்கிறது என்ற வரிசையில்தான் படமும் குரலும் எழுதப்பட்டிருக்கின்றன. டெக்கின் உள்ளே சுழலும் ஹெட் அந்த வரிசையைத் தடவிப் படிக்கிறது.

நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்ட மயிலாடும்பாறையில் தோண்டியெடுத்த இரும்பு 4,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது என்று 2022இல் அறிவித்தார்கள். இரும்பு அவ்வளவு காலம் தாங்கும்போது ஒரு கேசட் 30 ஆண்டு தாங்காதா? தாங்காமல் போவதற்குக் காரணம் இரும்புத் தூளில் இல்லை, அதைப் பிடித்து வைத்திருக்கும் பசையில் இருக்கிறது.

ஐப்பசி கார்த்திகையில் மூடாமல் வைத்த வெல்லத்தைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சி, வியர்த்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சில வகை நாடாக்களின் பசையும் அப்படித்தான். ஆண்டுக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகிறது. அந்த நாடாவை ஓட்டினால் பசை ஹெட்டில் அப்பிக்கொள்ளும், தூளும் கூடவே உரிந்து வரும். உரிந்த தூள்தான் படம். தொலைக்காட்சி நிலையங்கள் பயன்படுத்திய தொழில்முறை நாடாக்கள் சிலவற்றில் இந்த நோய் அதிகம். ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸ் இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைத்து ஈரத்தைப் போக்கினால் சில நாட்களோ வாரங்களோ நாடா மறுபடி ஓடும். அதற்குள் நகலெடுத்துவிட வேண்டும். இதைப் பழகியவர்கள்தான் செய்ய வேண்டும், வீட்டு அடுப்பில் முயற்சி செய்யவே கூடாது. வீட்டுக் கேசட்டுகளில் நான் அதிகம் பார்ப்பது பூஞ்சை. நாடா விளிம்பில் வெள்ளைப் பொடியாகத் தெரியும். அதை அப்படியே டெக்கில் போட்டால் டெக்கும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூஞ்சை பரவும்.

நாடா நன்றாகவே இருந்தாலும் இன்னொரு சாவு காத்திருக்கிறது. படிக்கும் கருவி இல்லாமல் போவது. வீடுகளில் பரவலாக இருந்த விஎச்எஸ் வகைக் கேசட்டுக்கான டெக்கை உலகில் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இப்போது இருப்பவையெல்லாம் பழைய டெக்குகள். அவற்றின் ரப்பர் பெல்ட் இளகுகிறது, ஹெட் தேய்கிறது, பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கும் வயதாகிறது. நாடாக்களில் இருப்பதை 2025க்குள் மாற்றாவிட்டால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்காது என்று யுனெஸ்கோவும் உலக ஒலி, ஒளிக் காப்பகங்களின் சங்கமும் சேர்ந்து 2019இல் எச்சரித்தன. அந்தக் கெடு தாண்டிவிட்டது. ஒரே நாளில் எல்லாம் அழிந்துவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் வேலை கடினமாகிறது, செலவும் கூடுகிறது.

அழித்துவிட்டு அதன்மேல் எழுதிய காலம்

டீச்சர் கொண்டுவந்த கேசட்டை ஓட்டியபோது கும்மி நாலு நிமிடம்தான் இருந்தது. பிள்ளைகள் இரண்டாவது பாட்டுக்கு வட்டம் கட்டும்போது படம் நடுங்கி, திடீரென்று ஒரு கிரிக்கெட் ஆட்டம் வந்துவிட்டது. வீட்டில் யாரோ அதே கேசட்டில் பதிவுசெய்திருக்கிறார்கள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நம் வீட்டில் நடந்தது பெரிய நிலையங்களிலும் நடந்திருக்கிறது. வீடியோ நாடா வந்த காலத்தில் அதன் விலை மிக அதிகம். ஒரு நிகழ்ச்சியை மறுபடி ஒளிபரப்ப வழியில்லை என்று தெரிந்தால், அதை அழித்துவிட்டு அதே நாடாவில் புதியதைப் பதிவுசெய்வது வழக்கமான சிக்கனம். பிற்காலத்தில் மக்கள் வீட்டில் உட்கார்ந்து பழைய நிகழ்ச்சிகளை விரும்பிப் பார்ப்பார்கள் என்று அன்று யாரும் எண்ணவில்லை.

பிரிட்டனின் பிபிசி 1963இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பார்த்த தொடர். அதன் முதல் ஆறு ஆண்டு அத்தியாயங்களில் பெரும்பங்கு நாடாவிலிருந்து அழிக்கப்பட்டது. ஆனால் வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காக அவற்றைப் படச்சுருளிலும் நகலெடுத்திருந்தார்கள். அப்படிப் போன சுருள்களில் 9 அத்தியாயங்கள் நைஜீரியாவில் ஒரு நிலையத்தில் தூங்கிக்கிடந்து, 2013இல் திரும்பி வந்தன. அதற்குப் பிறகும் 97 அத்தியாயங்கள் காணாமல்தான் இருந்தன. சொந்த ஊரில் அழிந்தது ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் பிழைத்திருந்தது. இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வருவோம்.

இதுவரை பார்த்தது: நாடாவின் பசை கெடுகிறது, பூஞ்சை பிடிக்கிறது, படிக்கும் கருவி மறைகிறது, மனிதர்களே அழித்தும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே நாடாவிலிருப்பதை வேறு வடிவத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். அந்த மாற்றம் எப்படி நடக்கிறது?

புள்ளிக் கோலமும் டிஜிட்டலும்

கம்பிக் கோலத்தைப் பார்த்து அப்படியே இன்னொருவர் போட்டால் வளைவு கொஞ்சம் மாறும். அவரைப் பார்த்து மூன்றாமவர் போட்டால் இன்னும் மாறும். ஆனால் புள்ளி வரிசையைக் காகிதத்தில் எண்ணி எழுதி, எந்தப் புள்ளிக்கு என்ன நிறம் என்றும் குறித்துவிட்டால், அந்தக் காகிதத்தை வைத்து யார் போட்டாலும் அதே கோலம் வரும்.

கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகலெடுப்பது முதல் வகை. ஒவ்வொரு நகலிலும் படம் மங்கும். டிஜிட்டலாக்குவது இரண்டாம் வகை. படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் நிறத்தையும் எண்ணாக எழுதுவதுதான் டிஜிட்டலாக்கம். நம் நாட்டுப் பழைய ஒளிபரப்பில் நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படத்தையும் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகளாக எழுதுவது வழக்கம். பெருக்கினால் ஒரு படத்துக்கு 4,14,720 புள்ளிகள், ஒரு நொடிக்கு ஒரு கோடிக்கு மேல். எதையும் சுருக்காமல் நல்ல தரத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும்.

இந்த அளவைக் கேட்டதும் பலரும் பின்வாங்குகிறார்கள். "செல்போன்ல ரெண்டு மணி நேரப் படமே ஒரு ஜிபிதானே?" என்பார்கள். அங்கேதான் அடுத்த குழப்பம்.

மாங்கூழும் பாட்டில் ஜூஸும்

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. சீசனில் லாரி லாரியாக மாங்காய் கூழ் ஃபேக்டரிக்குப் போகிறது. தோலும் கொட்டையும் நீங்கி, சதை முழுதும் கூழாக டின்னிலும் பீப்பாயிலும் அடைபடுகிறது. அந்தக் கூழை எங்கே கொண்டுபோனாலும் அதிலிருந்து ஜூஸ் செய்யலாம், ஐஸ்கிரீம் செய்யலாம், மாம்பழ மிட்டாய் செய்யலாம். பெட்டிக்கடையில் கிடைக்கும் பாட்டில் ஜூஸும் அதே மாம்பழத்திலிருந்து வந்ததுதான். ஆனால் பாட்டில் ஜூஸை வைத்துக்கொண்டு மறுபடி மாங்கூழ் எடுக்க முடியாது.

சுருக்கம் என்பது கோப்பின் அளவைக் குறைப்பது. அதில் இரண்டு வகை. ஒன்று இழப்பில்லாச் சுருக்கம்: பட்டுப்புடவையை மடித்து வைப்பதுபோல. பிரித்தால் ஒரு இழைகூடக் குறையாது. எஃப்எஃப்வி1 என்ற முறை இந்த வகை. காட்சியைப் பொறுத்து அளவு ஏறக்குறைய பாதியாகும். இன்னொன்று இழப்புச் சுருக்கம்: கண்ணுக்கு உடனே தெரியாத விவரங்களை எறிந்துவிட்டு மிகச் சிறிதாக்குவது. யூடியூப், வாட்ஸப், டிவிடி எல்லாம் இந்த வகை. எறிந்தது எறிந்ததுதான், திரும்ப வராது. வாட்ஸப்பில் பத்துக் கை மாறி வந்த கல்யாணப் படத்தில் முகமெல்லாம் கட்டம் கட்டமாக ஆகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சமாக எறியப்பட்ட விளைவு அது.

காப்பகம் இரண்டையும் வைத்திருக்கும். இழப்பில்லாத மூலப்பிரதி ஒன்று. அதுதான் மாங்கூழ், யாரும் தொடாமல் பத்திரமாக இருக்கும். அதிலிருந்து எடுத்த பார்வைப்பிரதி இன்னொன்று. அதுதான் ஜூஸ், எல்லோரும் பார்ப்பதற்கு. ஜூஸை மட்டும் வைத்துக்கொண்டு கூழைக் கொட்டிவிட்டால் அதைக் காப்பகம் என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது பழைய வீடியோக்களை ஏஐ கொண்டு பளபளப்பாக்குவது பரவிவிட்டது. மங்கலான முகத்தில் அந்த மென்பொருள் இமையும் பல்வரிசையும் வரைந்துவிடுகிறது. அது அந்தக் குழந்தையின் பல்வரிசை அல்ல, மென்பொருள் ஊகித்தது. பார்வைப்பிரதியில் ஆசைக்குச் செய்துகொள்ளுங்கள், செய்ததாகக் குறிப்பும் எழுதுங்கள். மூலப்பிரதியில் கோடு இருந்தால் கோடு, நடுக்கம் இருந்தால் நடுக்கம், அப்படியே இருக்கட்டும்.

பெயர் இல்லாத நடுகல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. எழுத்துள்ள கல்லில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீரன் யாருடைய ஆள், எந்த ஊர்த் தொறுவை, அதாவது ஆநிரையை, மீட்கப் போய் விழுந்தான் என்று வெட்டியிருக்கும். வட்டெழுத்துப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வந்தால் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒருவனை நாம் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது. எழுத்தில்லாத கற்களும் நிறைய. அவற்றை வேடியப்பன் என்று சொல்லிப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம். வில் தெரிகிறது, வாள் தெரிகிறது. அந்த ஆள் யார் என்பது மட்டும் போய்விட்டது.

நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பான நாள், சேனல், பங்கேற்றவர்கள், எந்த நாடாவிலிருந்து யார் எப்போது மாற்றினார்கள் என்பவற்றைக் கோப்போடு சேர்த்து எழுதி வைக்கும் குறிப்புக்கு மெட்டாடேட்டா என்று பெயர். தமிழில் தரவுக்குறிப்பு எனலாம். கல்லில் உள்ள எழுத்துதான் அது. 'வீடியோ 0047' என்ற பெயரில் கிடக்கும் கோப்பு எழுத்தில்லாத நடுகல். அதைத் தேடி வருகிறவருக்கு அது கிடைக்காது. கிடைத்தாலும் இன்னதென்று தெரியாது.

நடுகல்லிடம் கற்க இன்னொன்றும் உண்டு. கல் நிலைத்தாலும் வட்டெழுத்துப் படிப்பவர் வேண்டும். கோப்பு நிலைத்தாலும் அதைத் திறக்கும் மென்பொருள் வேண்டும். அதனால்தான் ஒரே நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும் திறக்கும் வடிவத்தைக் காப்பகங்கள் தவிர்க்கின்றன. எப்படிப் படிப்பது என்ற இலக்கணம் எல்லோருக்கும் வெளிப்படையாக இருக்கும் வடிவத்தை விரும்புகின்றன. மேலே சொன்ன எஃப்எஃப்வி1 அப்படிப்பட்டது. அதன் விவரிப்பு 2021இல் பொது ஆவணமாக வெளியிடப்பட்டது.

எடைச்சீட்டும் கைரேகையும்

புளி மூட்டையை மண்டியில் எடை போட்டுச் சீட்டு வாங்குகிறோம். போய்ச் சேரும் இடத்தில் மறுபடி எடை போடுகிறார்கள். குறைந்தால் வழியில் ஏதோ நடந்திருக்கிறது. கோப்புக்கும் இப்படி ஒரு சீட்டு உண்டு, செக்சம் என்பார்கள். கோப்பிலுள்ள எல்லா எண்களையும் ஒரு கணக்கில் போட்டு எடுக்கும் சிறு குறியீடு அது. எடைச்சீட்டைவிட இது கெட்டி. புளியை எடுத்துவிட்டு அதே எடைக்குக் கல்லைப் போட்டால் தராசு கண்டுபிடிக்காது. செக்சம் கைரேகையைப்போல. ஒரு கோடி புள்ளிகளில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் குறியீடு அடையாளமே தெரியாமல் மாறிவிடும்.

ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகள் சத்தமில்லாமல் கெடும். திறந்து பார்க்கும்வரை தெரியாது. காப்பகத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எல்லாக் கோப்புகளின் கைரேகையையும் மறுபடி எடுத்துப் பழையதோடு ஒப்பிடுவார்கள். ஒன்று கெட்டிருந்தால் இன்னொரு நல்ல பிரதியிலிருந்து மாற்றுவார்கள்.

அப்படியானால் இன்னொரு பிரதி இருக்க வேண்டும். விதை ராகியை ஒரே பானையில் வைப்பவர் உண்டா? தன் வீட்டில் கொஞ்சம், அண்ணன் வீட்டில் கொஞ்சம், மாமியார் ஊரில் கொஞ்சம் இருந்தால் ஒரு வீட்டில் எலி புகுந்தாலும் அடுத்த ஆடிப்பட்டத்துக்கு விதை இருக்கும். காப்பகக்காரர்கள் இதை 3-2-1 என்பார்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். பிபிசி அழித்தது நைஜீரியாவில் கிடைத்ததும் இதே கணக்குதான், யாரும் திட்டமிடாமல் நடந்தது.

சுருக்கமாக: மூலப்பிரதி, பார்வைப்பிரதி, தரவுக்குறிப்பு, கைரேகைச் சோதனை, பல இடங்களில் பிரதி. இவை எல்லாம் சேர்ந்து நடந்துகொண்டே இருந்தால் அதற்குப் பெயர் டிஜிட்டல் காப்பகம். ஒருமுறை செய்து முடிக்கும் வேலையாக இதை நினைக்க முடியாது. வீட்டு விளக்கைப்போல, தினமும் யாராவது திரி தூண்ட வேண்டும்.

யூடியூபும் இணையக் காப்பகமும்

யூடியூபின் வேலை வீடியோவைக் காட்டுவது. ஏற்றியதைச் சுருக்கி, பார்ப்பவருக்குப் பார்வைப்பிரதியைத் தருகிறது. ஏற்றியவர் கணக்கை மூடினால், உரிமையாளர் புகார் கொடுத்தால், வீடியோ போய்விடும். அதை நம்பி வீட்டுக் கேசட்டைக் குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படித்தான் இழந்தது.

அமெரிக்காவில் ப்ரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் லாபநோக்கற்ற நூலகம் வேறு மாதிரி. ஏற்றிய கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கான சிறு பிரதிகளைத் தனியே உண்டாக்குகிறது. செக்சமும் வைக்கிறது, தரவுக்குறிப்புக்கும் இடம் தருகிறது. பழைய சிறுவர் நிகழ்ச்சிகளைத் தேடுகிறவர்கள் பலர் அங்கேயும் போய்ப் பார்க்கிறார்கள். ஆனால் 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் அதுவே சில நாட்கள் முடங்கிக் கிடந்தது. எவ்வளவு நல்ல பானையானாலும் ஒரே பானை, ஒரே பானைதான்.

நம் நாட்டில் தூர்தர்ஷன், வானொலிப் பதிவுகள் பிரசார் பாரதியின் காப்பகத்தில் இருக்கின்றன. அதிலிருந்து ஒரு பகுதியை யூடியூபில் வெளியிடுகிறார்கள். 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், பழைய தொடர்களுக்கென்றே டிடி ரெட்ரோ சேனல் வந்தது. 2024 நவம்பரில் வேவ்ஸ் என்ற செயலியும் வந்தது. மக்கள் பழையதைப் பார்க்க விரும்புகிறார்கள் என்பதற்கு இவை சான்று. தனியார் சேனல்களின் தமிழ்ச் சிறுவர் நிகழ்ச்சிகளுக்கு இப்படிப் பொதுமக்கள் நுழையக்கூடிய ஒரு கதவு வேண்டும் என்பது என் ஆசை.

படம் அவர்களுடையது, குரல் நம்முடையது

தமிழில் மொழிமாற்றிய கார்ட்டூன்கள் தனிக் கதை. வெளிநாட்டுத் தொடரின் படம் அதன் நாட்டில் நல்ல தரத்தில் பத்திரமாக இருக்கும். அதனால் "அதெல்லாம் எங்கே போகப் போகுது" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நம் பிள்ளைகள் கேட்டது அந்தப் படத்தை மட்டுமா? சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் யாரோ ஒருவர் கொடுத்த குரல், வசனகர்த்தா ஒருவர் நம் பேச்சுக்கு ஏற்ப மாற்றிய சிரிப்பு, இவற்றைத்தான் கேட்டார்கள். டோரா பார்த்து "குள்ளநரி திருடக்கூடாது" என்று ஊரெங்கும் பிள்ளைகள் கத்தியது தமிழ் வசனத்தை. அந்தத் தமிழ் ஒலி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒளிபரப்பு ஒப்பந்தம் முடிந்தபின் அதை வைத்திருக்க யாருக்கும் அவசியம் இல்லாமல் போகலாம்.

இதற்காக ரசிகர்கள் சிலர் ஒரு வேலை செய்கிறார்கள். வீட்டில் பதிவுசெய்த மங்கலான வீடியோவிலிருந்து தமிழ் ஒலியை மட்டும் எடுத்து, வெளிநாட்டு டிவிடியின் தெளிவான படத்தோடு பொருத்துகிறார்கள். பொறுமை தேவைப்படும் வேலை, எனக்கு அவர்கள்மேல் பெருமதிப்பு உண்டு. ஆனால் நம் ஊரில் ஒளிபரப்பானது அப்படியே அது அல்ல, பிற்பாடு தைத்துச் சேர்த்தது. தரவுக்குறிப்பில் அதை எழுதிவிட்டு, மங்கலான அசலையும் கூடவே வைத்திருந்தால் நாளைக்கு ஆராய்கிறவர் ஏமாற மாட்டார்.

யாருக்கு உரிமை?

கேசட் நம் கையில் இருப்பதால் நிகழ்ச்சி நம்முடையதாகிவிடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு வீடியோப் படைப்புக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. 1990இல் வந்த நிகழ்ச்சிக்கு 2050 முடியும்வரை. தன்னிடம் டிஜிட்டல் அல்லாத பிரதி ஏற்கெனவே இருந்தால், பாதுகாப்பதற்காக அதை மின்வடிவில் சேமித்துக்கொள்ள லாபநோக்கற்ற பொது நூலகங்களுக்கு அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. பாதுகாத்து வைப்பதும் எல்லோருக்கும் திறந்துவிடுவதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. காப்பாற்றும் வேலையை இன்றே செய்யலாம், திறப்பதற்கு உரிமையாளரைக் கேட்கலாம், காத்திருக்கலாம்.

சட்டத்தைத் தாண்டி ஒன்று. அதில் ஆடிய பிள்ளைகள் இன்று பெரியவர்கள். தங்கள் பழைய முகம் ஊரெல்லாம் சுற்றுவதை எல்லோரும் விரும்ப வேண்டுமென்று இல்லை. கேட்கக்கூடியவர்களைக் கேட்டுவிடுவது மரியாதை.

உங்கள் பரணில் கேசட் இருந்தால்

முதலில் அதைத் தகரக் கூரைக்குக் கீழிருந்து இறக்கி, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள். கேசட்டின் பின்விளிம்பில் உடைக்கக்கூடிய ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் தவறியும் அதன்மேல் எதுவும் பதிவாகாது. டீச்சர் வீட்டில் இதை யாராவது சொல்லியிருந்தால் மீதிக் கும்மியும் இருந்திருக்கும். வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். ஸ்டூடியோவில் கொடுக்கும்போது டிவிடியாக மட்டும் வாங்காமல், சுருக்காத கோப்பை, முடியாவிட்டால் அவர்களால் முடிந்த உயர்ந்த தரக் கோப்பை, ஹார்ட் டிஸ்க்கில் கேளுங்கள். நடுவில் வரும் விளம்பரங்களை வெட்டச் சொல்லாதீர்கள், நிகழ்ச்சி எந்த ஆண்டு வந்தது என்பதைப் பல நேரம் அவைதான் காட்டிக்கொடுக்கும். வேலை முடிந்தாலும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு இன்னும் நல்ல கருவி கிடைக்கலாம்.

டீச்சரின் நாலு நிமிடத்தை மூன்று இடங்களில் வைத்தாயிற்று. ஒன்று என்னிடம், ஒன்று அவரிடம், ஒன்று ஓசூரில் இருக்கும் அவர் மகளிடம். தரவுக்குறிப்பு எழுத அவரையே உட்கார வைத்தேன். படத்தை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு முகமாகத் திரையில் விரல் வைத்துப் பெயரும் ஊரும் சொல்லிக்கொண்டே வந்தார். பத்துப் பெயர் வந்துவிட்டது. பின்வரிசையில் இடது ஓரம் நின்ற, ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்த பெண்ணிடம் வந்து நின்றுவிட்டார். பெயர் நினைவுக்கு வரவில்லை.

"அந்த இடத்தைக் காலியா விடுப்பா. யாரையாவது கேட்டுச் சொல்றேன்" என்றார்.

எட்டு நாள் கழித்து, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் வந்தது. அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. முதலில் பெயரைத்தான் சொன்னார்.